ஏழு சீட்டா, மூன்றரை டன்னா? ஆஸ்திரேலியாவில் குடும்பத்துக்கும் கேரவனுக்கும் சேர்த்து ஃபோர் வீல் டிரைவ் வாங்க முழுமையான வழிகாட்டி

ஷோரூமில் நின்று கேட்டால் “ஏழு பேர் உட்காரலாம், மூன்றரை டன் இழுக்கும்” என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு அந்த மூன்றரை டன்னையும் மாட்டிக்கொண்டு கிளம்பினால், இந்த விலை வரிசையில் கிடைக்கும் வண்டிகளில் அநேகமாக எல்லாமே சட்டப்படி அளவுக்கு மீறிய எடையில்தான் ஓடும். இதை யாரும் மறைத்து வைப்பதில்லை, கையேட்டில் அச்சடித்தே இருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு.

மேற்கு சிட்னியிலும் மெல்பர்னின் கிளேடன், டாண்டினாங் பக்கமும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பிள்ளைகள் வளர்கிறார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து நமக்கும் ஆசை வருகிறது. சரி, எங்கிருந்து தொடங்குவது?

படி 1: கேரவனை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் காரை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்ற கேரவனைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்வதுதான் நல்லது. எதை இழுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் எந்த வண்டி என்பது தெரியும்.

துணிக்கூரை விரியும் கேம்பர் டிரெய்லர்கள் பொதுவாக ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றேமுக்கால் டன்னுக்குள் அடங்கும். பிள்ளைகளுக்கு இரட்டை அடுக்குப் படுக்கை, கழிவறை, ஷவர் எல்லாம் வைத்த குடும்பக் கேரவன் சாமான் ஏற்றிய பிறகு இரண்டரை டன்னைத் தாண்டும். மண்பாதைக்கென்று கனமான சட்டத்தோடு கட்டியதானால் மூன்று, மூன்றேகால் டன் சாதாரணம்.

விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் டேர், அதாவது வெறும் கேரவனின் எடை. நீங்கள் பார்க்க வேண்டியது தகட்டில் ஏடிஎம் என்று பொறித்திருக்கும் எண். கேரவன் முழுதாக நிரம்பியபின் மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்பதன் உச்சம் அது. இரண்டிற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான். பல கேரவன்களில் அது 300 முதல் 400 கிலோ. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினாலே 190 கிலோ போய்விடும். 9 கிலோ எரிவாயு சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்த்து 18 கிலோ பக்கம் வரும். இரண்டு சிலிண்டர் வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் நம் ஆட்கள் அரிசி மூட்டையையும் வெட் கிரைண்டரையும் விட்டுவிட்டு வருவார்களா என்ன!

இந்தக் கணக்குகளில் கேரவனுக்கு எப்போதும் ஏடிஎம் எண்ணையே போடுங்கள். “நாங்கள் அவ்வளவு ஏற்ற மாட்டோம்” என்பவர்கள்தான் முதலில் ஏற்றுவார்கள்.

படி 2: ஏழாவது சீட் வருஷத்தில் எத்தனை நாள் வேண்டும்?

நேர்மையாக யோசிக்க வேண்டிய இடம் இது. தினமும் ஆறு பேர் பயணிக்கும் குடும்பம் ஒரு வகை. தாத்தா பாட்டி வந்திருக்கும்போது மட்டும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மூன்றாம் வரிசையைத் திறக்கும் குடும்பம் இன்னொரு வகை. பின்னது என்றால், அந்த நாட்களில் கேரவன் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஆகவே ஏழு பேரும் கேரவனும் ஒன்றாகப் போகும் நாள் உண்டா இல்லையா என்பதுதான் உண்மையான கேள்வி. இல்லையென்றால் தேர்வு எளிது. உண்டு என்றால் இனி வரும் இரண்டு படிகளையும் பேனாவோடு படியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்ன கேம்பர் டிரெய்லர் போதும், போகும் இடமெல்லாம் தார்ச்சாலையில் இருக்கும் கேரவன் பார்க் என்றால், உங்களுக்கு ஃபோர் வீல் டிரைவே தேவையில்லை. கியா கார்னிவல் டீசல், டொயோட்டா குளூகர், கியா சொரெண்டோ டீசல் எல்லாம் 2,000 கிலோ இழுக்கும். கார்னிவலின் மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம். நான் பேசப் போகும் எந்த ஃபோர் வீல் டிரைவிலும் அந்த வசதி கிடையாது.

படி 3: எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

கெர்ப் எடை: டேங்க் நிரம்பிய, ஆள் இல்லாத வண்டியின் எடை. சில தாள்களில் இதற்குப் பதில் டேர் எடை இருக்கும். அதில் 10 லிட்டர் எரிபொருள் மட்டுமே கணக்கு. 80 லிட்டர் டேங்க் என்றால் மீதி 70 லிட்டர் டீசலுக்கு 58 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜிவிஎம்: ஆள், சாமான், கேரவன் கொக்கியில் அழுத்தும் எடை எல்லாம் சேர்ந்து வண்டி சுமக்கக்கூடிய உச்சம். இதிலிருந்து கெர்ப் எடையைக் கழித்தால் கிடைப்பது பேலோட்.

டோபால் எடை: கேரவனின் முன்மூக்கு உங்கள் வண்டியின் கொக்கியில் கீழ்நோக்கி அழுத்தும் எடை. ஆஸ்திரேலியக் கேரவன்களுக்குப் பொதுவாக மொத்த எடையில் 10 சதவீதம் பக்கம் வைக்கிறார்கள். இதைக் குறைத்து ஏமாற்ற நினைக்காதீர்கள். மூக்கு லேசாகி, பின்பக்கம் கனத்தால் கேரவன் வாலாட்டத் தொடங்கும்.

ஜிசிஎம்: வண்டியும் கேரவனும் சேர்ந்து மொத்தமாக இருக்கக்கூடிய உச்சம். விளம்பரத்தில் இது வரவே வராது. பல வண்டிகளின் 3,500 கிலோ பெருமை உடைவது இந்த எண்ணில்தான்.

இவை தவிர, பின் அச்சுக்கென்று தனி வரம்பு ஒன்று உண்டு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். அது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 4: தாளில் ஒரு கணக்கு

கெர்ப் 2,450 கிலோ, ஜிவிஎம் 3,150 கிலோ உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பேலோட் 700 கிலோ. கேட்க நிறையவே இருக்கிறது. 3,000 கிலோ ஏடிஎம் உள்ள கேரவனை மாட்டுகிறோம். டோபால் எடை 300. மீதி 400. டோபாரும் (கொக்கியைப் பொருத்த வண்டியின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) அதன் வயரிங்கும் 40. மீதி 360. கணவன் மனைவி 150, இரண்டு பிள்ளைகள் 60, ஊரிலிருந்து வந்த பெற்றோர் 130. ஆக ஆட்கள் மட்டும் 340. கையில் மிஞ்சுவது 20 கிலோ.

ஐஸ் நிரப்பிய ஒரு எஸ்கிப் பெட்டிக்குக்கூட அது போதாது. முன்னால் புல் பார் என்னும் இரும்புத் தடுப்பை மாட்டியிருந்தால் அதற்கு முன்பே மைனஸில் போயிருப்போம். இத்தனைக்கும் ஆறு பேர்தான், ஏழாவது சீட் காலி.

இப்போது பின் அச்சு. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.9 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால் என்று வைப்போம். கொக்கியில் 300 கிலோ அழுத்தினால் பின் அச்சில் கூடுவது 300 இல்லை, 425 கிலோ பக்கம். முன் அச்சிலிருந்து 125 கிலோ மேலே தூக்கப்படுகிறது. சீசாப் பலகையின் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்த மாதிரி. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் கவனிக்கும் முன் சக்கரங்கள் லேசாகின்றன, பின்னவை நசுங்குகின்றன. மூன்றாம் வரிசையில் உட்காருபவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கிட்டத்தட்ட அதே பின் அச்சின் மேல். அவர்களுக்குப் பின்னால் டிக்கியில் சாமான். ஆக ஜிவிஎம் தாண்டாமலே பின் அச்சு வரம்பைத் தாண்டிவிட முடியும்.

ஜிசிஎம்முக்கு ஒரு நிஜ உதாரணம். 3.0 லிட்டர் இசுசு எம்யூ-எக்ஸின் ஜிவிஎம் 2,800, ஜிசிஎம் 5,900. 3,500 கிலோ கேரவனை மாட்டினால் வண்டிக்கு மிச்சம் 2,400. ஃபோர் வீல் டிரைவ் வகையின் வெறும் எடையே 2,150-ஐ ஒட்டி வரும். ஆள், சாமான், டோபார் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 250 கிலோ. ஒரு குடும்பத்துக்கு அதோடு முடிந்தது. இது அந்த வண்டியின் குறை மட்டுமில்லை, இந்த வகையில் எல்லோரும் ஆடும் ஆட்டம் இதுதான்.

நான் சொல்லும் எளிய விதி: குடும்பத்தோடு இழுப்பதானால், 3,500 என்று போட்ட நடுத்தர வண்டிக்கு 2,500 கிலோ ஏடிஎம்மை உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டன் கேரவனும் நான்குக்கு மேற்பட்ட ஆட்களும் என்றால் டொயோட்டா லேண்ட் குரூசர் 300, நிஸான் பேட்ரோல் அளவுக்குப் போக வேண்டும். அங்கேயும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பேலோட் எல்லையற்றதில்லை.

“பின்னால் ஏர்பேக் ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். சட்டப்படியான வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. ஜிவிஎம்மை உயர்த்த முறையான சஸ்பென்ஷன் மாற்றமும் அதற்கான சான்றும் வேண்டும். அதிலும் பெரும்பாலும் ஜிவிஎம்தான் ஏறுமே தவிர, ஜிசிஎம் அப்படியே நிற்கும். அப்படியானால் காரில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவுக்கும் கேரவனில் ஒரு கிலோ இறக்க வேண்டியிருக்கும்.

படி 5: மூன்றாம் வரிசையில் நீங்களே ஏறி உட்காருங்கள்

ஷோரூமுக்கு முழுக் குடும்பத்தையும் கூட்டிப் போங்கள். பிள்ளைகளின் கார் சீட்டையும் எடுத்துப் போங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் இரண்டாம் வரிசையில் உங்கள் கார் சீட்டை மாட்டுங்கள். மாட்டியபடியே மூன்றாம் வரிசைக்குள் ஏற முடிகிறதா? பல வண்டிகளில் கார் சீட் இருக்கும் பக்கத்து இருக்கை சாய்ந்து வழிவிடாது. அப்படியென்றால் கார் சீட் எந்தப் பக்கம், நடைபாதைப் பக்கம் எது என்றெல்லாம் தினமும் யோசிக்க வேண்டி வரும்.

இந்த நாட்டில் கார் சீட்டுக்கு மேல் பட்டையை மாட்டும் கொக்கி கட்டாயம். ஆறு மாதம் வரை பின்நோக்கிய சீட், நான்கு வயது வரை உள்பட்டையுள்ள சீட், ஏழு வரை அது அல்லது பூஸ்டர் என்பது சட்டம். மூன்றாம் வரிசையில் அந்த மேல் கொக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சின்னப் பிள்ளைகள் அங்கே உட்கார முடியாது. பெரிய பிள்ளைகளோ தாத்தாவோதான் பின்னால் போக வேண்டும். மூட்டுவலி உள்ள எழுபது வயதுக்காரரை எம்யூ-எக்ஸின் பின்வரிசைக்கு ஏற்றி இறக்கிப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

பக்கவாட்டுக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, ஏசி காற்று அங்கே தனியாக வருகிறதா என்பதையும் பாருங்கள். ஜனவரியில் பென்ரித்தில் 40 டிகிரி வெயிலில் இரண்டாவது கேள்விக்கான விடை உடனே தெரிந்துவிடும். கடைசியாக, மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். ஒரு மடக்கு ஸ்ட்ரோலர் நுழைந்தால் பெரிய விஷயம்.

மடிக்கும் விதமும் வண்டிக்கு வண்டி வேறு. டொயோட்டா ஃபார்ச்சூனரில் பின் சீட்டுகள் இரண்டு பக்கமும் தூக்கி மாட்டப்படும், டிக்கியின் அகலம் குறையும். ஃபோர்ட் எவரஸ்ட், எம்யூ-எக்ஸ், லேண்ட் குரூசர் 300 மூன்றிலும் தரையோடு மடங்கும். 2024 நவம்பரில் வந்த புதிய டொயோட்டா பிராடோவில் இன்ஜினுக்கு உதவும் 48 வோல்ட் பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கியின் தளம் உயர்ந்துவிட்டது. பழைய பிராடோவிலிருந்து மாறுகிறவர்களுக்கு இது நிச்சயம் உறுத்தும்.

படி 6: எந்த மாதிரி ஃபோர் வீல் டிரைவ்?

இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். எம்யூ-எக்ஸ், ஃபார்ச்சூனர் போன்றவை தார்ச்சாலையில் பின் சக்கர இழுவையில்தான் ஓடும். நான்கு சக்கரத்தையும் மணலிலும் சேற்றிலும்தான் பூட்டலாம். காய்ந்த சாலையில் பூட்டினால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். பிராடோ, லேண்ட் குரூசர், வி6 எவரஸ்ட், மிட்சுபிஷி பஜெரோ ஸ்போர்ட் ஆகியவை தார்ச்சாலையிலும் நான்கு சக்கரத்தில் ஓடக்கூடியவை.

கேரவன் இழுப்பவருக்கு இரண்டாவது வகைதான் என் ஓட்டு. மழையில் நனைந்த ரவுண்டபவுட்டில் இரண்டரை டன்னை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி வழுக்கிப் பார்க்கும். நான்கும் இழுத்தால் அந்தப் பதற்றம் இல்லை.

மிக மெதுவாக, அதிக வலுவோடு ஓட்ட உதவும் லோ ரேஞ்ச் கியர் மணல்மேட்டுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சரிவான டிரைவ்வேயில் கேரவனை அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ள, படகு இறக்கும் சரிவில் ஏற, அதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் பூட்டிய ஃபோர் வீலில் தார்மேல் கூர்மையாகத் திருப்பாதீர்கள்.

படி 7: இன்ஜின், டேங்க், டிபிஎஃப்

இழுப்பதற்கு நியூட்டன் மீட்டர் எண்ணைப் பாருங்கள், கிலோவாட்டை இல்லை. எம்யூ-எக்ஸ் 3.0 லிட்டரில் 450, பிராடோவில் 500, வி6 எவரஸ்ட்டில் 600, லேண்ட் குரூசர் 300-இல் 700. வொலங்காங்கிலிருந்து சிட்னி திரும்பும் வழியில் மவுண்ட் ஊஸ்லியிலோ, மேற்கிலிருந்து ப்ளூ மவுண்டன்ஸுக்குத் திரும்பும்போது விக்டோரியா பாஸிலோ ஏறும்போது இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். இறங்கும்போது தெரிவது இன்ஜின் பிரேக்கிங். கியரைக் குறைத்து இறங்க வேண்டும், பிரேக் மிதியிலேயே காலை வைத்துக்கொண்டிருந்தால் அது சூடாகிக் கைவிட்டுவிடும்.

தனியாக ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 9, 10 லிட்டர் குடிக்கும் டீசல், இரண்டரை மூன்று டன் கேரவனோடு 16 முதல் 20 வரை போகும். 80 லிட்டர் டேங்க்கில் 18 என்று வைத்தால் 440 கிலோமீட்டர், கையிருப்பை ஒதுக்கினால் 380. புதிய பிராடோவிலும் லேண்ட் குரூசரிலும் 110 லிட்டர். பேட்ரோலில் 140, ஆனால் அது 5.6 லிட்டர் வி8 பெட்ரோல், 95 ஆக்டேன் கேட்கும். பம்பில் நிற்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசலில் பள்ளி-கடை-வீடு என்று மட்டும் ஓட்டும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது டிபிஎஃப் என்னும் புகைவடிகட்டி. அதில் சேரும் கரி எரிய, இன்ஜின் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் பள்ளிப் பயணத்தில் அது நடக்காது. எரியத் தொடங்கும், நீங்கள் அணைத்துவிடுவீர்கள், அடுத்த நாளும் அதே கதை. வாரம் ஒருமுறையாவது மோட்டார்வேயில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். அது முடியாத வாழ்க்கை என்றால் பெட்ரோல் அல்லது ஹைப்ரிட் பக்கம் யோசியுங்கள். ஜிடபிள்யூஎம் டேங்க் 500 ஹைப்ரிட் ஏழு சீட்டோடு 3,000 கிலோ இழுக்கும் என்கிறது, ஆனால் இழுக்கும்போது பெட்ரோல் செலவு டீசலை விட அதிகம்.

படி 8: வண்டிகள், ஒரு சுற்று

இசுசு எம்யூ-எக்ஸ்: எளிமையான, முரட்டு இன்ஜின். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் நீடித்து உழைக்கும் டைமிங் செயின். விலை நியாயம். ஆறு வருஷம் அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம். நெடுஞ்சாலையில் சத்தம் உண்டு. இரண்டரை டன்னுக்குள் இழுப்பவருக்கு நல்ல தேர்வு.

ஃபோர்ட் எவரஸ்ட் வி6: குடும்பமும் கேரவனும் என்ற இரட்டை வேலைக்கு நடுத்தர வரிசையில் என் முதல் தேர்வு. 10 கியர், 3,500 கிலோ, தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவை. டேங்க் 80 லிட்டர்தான் என்பது குறை.

டொயோட்டா பிராடோ: புதியது 3,500 இழுக்கும். ஆனால் இன்ஜின் அதே 2.8 லிட்டர், கூட ஒரு சின்ன மின்உதவி. ஏழு சீட் எல்லா வகையிலும் இல்லை, ஜிஎக்ஸும் ஆல்டிடியூடும் ஐந்து சீட்தான், ஜிஎக்ஸ்எல்லில் இருந்து பாருங்கள். மறுவிற்பனை மதிப்பு பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

லேண்ட் குரூசர் 300: பணம் இருந்தால் வாதமே இல்லை. ஜிஎக்ஸ்எல், விஎக்ஸ், சஹாரா ஏழு சீட். ஜிஆர் ஸ்போர்ட்டும் சஹாரா இசட்எக்ஸும் ஐந்து சீட் என்பதை மறந்துவிட்டு அவசரப்பட்டு ஆர்டர் போடாதீர்கள்.

பேட்ரோல் ஒய்62: அறை விசாலம், மூன்றாம் வரிசை இந்தக் கூட்டத்தில் மோசமில்லை. நீளம் 5.1 மீட்டருக்கு மேல், உங்கள் கராஜை டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.

பஜெரோ ஸ்போர்ட்: தானியங்கி அவசர பிரேக் விதி 2025 மார்ச்சில் கடுமையானதும் ஆஸ்திரேலியாவுக்கு இறக்குமதி நின்றது. 3,100 கிலோ இழுவை, நல்ல ஃபோர் வீல் அமைப்பு. பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இன்னும் நல்ல பேரம்.

படி 9: பிரேக்கும் சட்டமும்

750 கிலோ வரை டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2,000 வரை குறைந்தது ஓர் அச்சின் இரு சக்கரத்திலும் பிரேக். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும். கேரவன் கழன்று போனால் தானாகப் பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நிறுத்தி வைக்கும் கருவியும் வேண்டும். ஆகவே வண்டியில் எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் அவசியம். அதன் கைப்பிடியோ பட்டனோ கண்ணை மூடிக்கொண்டு தொடும் இடத்தில் இருக்கட்டும். கேரவன் வாலாட்டத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, அந்தக் கைப்பிடியால் கேரவனின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிக்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸில் எல்-பிளேட்காரர்கள் (ஓட்டக் கற்பவர்கள்) டிரெய்லர் இழுக்கவே கூடாது. சிவப்பு பி-பிளேட்காரர்களுக்கு (முதல் கட்டத் தற்காலிக உரிமம் உள்ளவர்கள்) டிரெய்லரின் வெறும் எடை 250 கிலோவுக்குள்தான். “பையன் ஓட்டுவான், நான் தூங்கலாம்” என்று திட்டமிட்டவர்கள் கவனிக்க. ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பதும் சட்டம், பிள்ளைகள் கேட்பார்கள்.

படி 10: பழைய வண்டியானால்

2017 இறுதியில் முகம் மாறிய பிராடோ 150 ஆட்டோமேட்டிக்குகள் 3,000 கிலோ இழுக்கும், அதற்கு முந்தையவை 2,500. 2020-இல் இன்ஜின் 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர் ஆனது. 150 லிட்டர் டேங்க் கொண்ட 150 சீரிஸ் தூரப் பயணக்காரர்களுக்கு இன்றும் பிடித்த வண்டி. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல்களின் டிபிஎஃப் குறித்து நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு நடந்தது. அந்தக் கால வண்டி என்றால் டிபிஎஃப் சரிசெய்ததற்கான பதிவைக் கேளுங்கள், கையால் எரிக்கும் பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிபிஎஸ்ஆர் என்னும் அரசுப் பதிவேட்டுத் தளத்தில் 2 டாலர் கட்டி, வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டோபாலில் பளபளவென்று தேய்ந்த உலோகம் தெரிந்தால் நிறைய இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அதுவே குற்றமில்லை, ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. குனிந்து பின் ஸ்பிரிங்கையும் டோபார் மாட்டிய இடத்துச் சட்டத்தையும் பாருங்கள். கீழே சிவப்புத் துரு கனமாக இருந்தால் கடற்கரை மணலில் விளையாடிய வண்டி, கழுவாமல் விட்டிருக்கிறார்கள்.

படி 11: கையெழுத்துக்கு முன்

தனியாக ஓட்டிப் பார்ப்பதில் பாதிதான் தெரியும். ஒரு நாள் வாடகைக்கு டிரெய்லர் எடுத்து, தெரிந்தவரின் அதே வண்டியில் மாட்டி ஓட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். முடியாவிட்டால் ஷோரூம் வண்டியில் திரும்பும் வட்டத்தையும் பின் கேமராவில் டோபால் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். கேரவன் அகலமானால் நீட்டுக் கண்ணாடியும் வேண்டும், அதை மாட்ட வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

டோபார், பிரேக் கன்ட்ரோலர், கேரவனின் ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் தரும் ஆண்டர்சன் பிளக், கேரவனுக்கு ஏற்ற 7 அல்லது 12 பின் சாக்கெட் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டோபாரின் தகட்டில் இழுவை எண்ணோடு பால் எடையும் பொறித்திருக்கும். சில டோபார்களில் வண்டியின் வரம்பைவிட அது குறைவு, அப்போது குறைந்த எண்ணே செல்லும்.

ஜிவிஎம்மை உயர்த்துவதாக இருந்தால் வண்டி முதன்முறை பதிவாவதற்கு முன்பே செய்துவிடுங்கள். அப்படிச் செய்தது நாடு முழுவதும் செல்லும். பதிவுக்குப் பிறகு செய்தால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வேறு மாநிலத்துக்குக் குடிபோகும்போது மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

வண்டி வந்ததும், முதல் நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் நாளில், தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றியபடி பொது எடை மேடைக்குப் போங்கள். கேரவனை மாட்டியபடி வண்டியின் முன் அச்சு, பின் அச்சு, பிறகு மொத்தம். கழற்றிவிட்டு வண்டி தனியாக, கேரவன் தனியாக. இணைத்தபோது வண்டியின் இரு அச்சுகளிலும் வந்த கூட்டுத்தொகையிலிருந்து வண்டியின் தனி எடையைக் கழித்தால் டோபால் எடை கிடைக்கும். அந்த எடை ரசீதைப் படம் எடுத்துக் கையேட்டுக்குள் வையுங்கள். எடை மீறியிருந்தால் முதலில் கேரவன் தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றைக் காலி செய்யுங்கள், போகும் இடத்தில் குழாய் இருக்கும். அதன் பிறகு டயர் காற்று. ஓட்டுநர் கதவோரத் தகட்டில் முழுச் சுமைக்கென்று தனி அளவு போட்டிருப்பார்கள், பின் டயர்களுக்கு அதையே வையுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரிடத்தில் நிறுத்தி, கொக்கி, சங்கிலி, சக்கர நட்டுகள் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கிளம்பலாம்.